கலெஞ்சின் பெயரியல்: ஓட்டக்களத்தின் வழியே ஓர் ஆய்வு

1. வரையறை

கென்யாவின் மேற்கே, பெரும்பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டிய மேட்டுநிலங்களில் வாழும் நாண்டி, கிப்சிகிஸ், கெய்யோ, துகென் முதலிய இனக்குழுக்களுக்குக் கலெஞ்சின் என்பது பொதுப்பெயர். உலகம் இவர்களை நெடுந்தூர ஓட்டத்தால் அறியும். ஒலிம்பிக் முடிவுப் பட்டியலில் கிப், செப், ஜெப் என்று தொடங்கி அடுக்கி வரும் பெயர்களைக் குடும்பப்பெயர்கள் என்று கொள்வோர் பலர். மரபை நோக்கின் அக்கோள் பொருந்தாது. குழந்தை பிறந்த பொழுது, இடம், நிலை ஆகியவற்றுள் ஒன்றைச் சுட்டி இடப்பட்டவை அவை. இவற்றைப் ‘பிறப்புச்சூழற்பெயர்’ என வழங்குவோம்.

2. உறுப்பும் வகையும்

இப்பெயர் முன்னொட்டும் பகுதியுமாக அமைவது. ஆணுக்குக் கிப் அல்லது கி. பெண்ணுக்குச் செப், செ, ஜெப், ஜெ. ‘ரோப்’ என்பது மழை. மழை பெய்கையில் பிறந்தவன் கிப்ரோப், பிறந்தவள் செரோப். ‘பெட்’ என்பது பகல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற பியட்ரிஸ் செபெட்டின் பெயரில் இருப்பது அதுவே.

நன்னூல் பெயர்ச்சொல்லுக்குக் காட்டும் பொருள் முதலிய ஆறனுள் காலமே இங்கு மிகுதி. அக்காலத்தையும் கதிரவனைவிடக் கால்நடையே பெரிதும் அளக்கிறது. மாடுகள் எழும் விடியல் கிப்ங்கெட்டிச்; அவை வீடு திரும்பும் வேளை கிப்ரோட்டிச்; ஆடுகள் அடையும் மாலை கிப்ரோனோ. 2012 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் உகாண்டாவுக்காக வென்றவர் ஸ்டீபன் கிப்ரோட்டிச். எல்லைக்கோடு மேய்ச்சல்காரரின் கடிகாரத்தைத் துண்டாக்கவில்லை.

இடப்பெயருக்குக் கிப்சோகே சான்று. தானியக் குதிரருகே பிறந்தவன் என்பது பொருள். 1968இல் மெக்சிகோவில் 1,500 மீட்டர் வென்ற கிப்சோகே கெய்னோவையும், 2016 ஒலிம்பிக்கிலும் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் மாரத்தான் வென்ற எலியுட் கிப்சோகேவையும் உறவினர் என்று கருதக் காரணமில்லை. இருவர்க்கும் பொது குதிர்தான். நிலைப்பெயருள் ஜெப்சிர்சிர் விரைந்து நடந்த பேற்றைச் சுட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் மாரத்தானை வென்ற பெரஸ் ஜெப்சிர்சிருக்கு அது பொருந்தியது தற்செயலே எனினும், நாம் அதைச் சற்று ரசிக்கலாம்.

3. நிலைகள்

சூழற்பெயரோடு மூதாதையர் ஒருவரின் பெயரும் குழந்தைக்கு உண்டு. மூத்தோர் முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, எப்பெயருக்குக் குழந்தை தும்முகிறதோ அதுவே தெரிவாகும். இதனை ‘மூதாவிப்பெயர்’ எனலாம். சடங்கு முடித்து ஆளாகும் ஆண், ‘அராப்’ (மகன்) என்னும் சொல்லோடு தந்தை பெயரை ஏற்பான். அப்போது தந்தையின் முன்னொட்டு உதிரும். கிமோய் என்பவரின் மகன் அராப் மோய் ஆனார். அவரே 1978 முதல் 2002 வரை கென்யாவை ஆண்ட குடியரசுத் தலைவர்.

ஞானஸ்நானமும் அரசுப் பதிவேடும் இவ்வொழுங்கின்மேல் புதிய அடுக்குகளை ஏற்றின. 1,500 மீட்டரில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவரின் முழுப்பெயர் ஃபெய்த் செப்ங்கெட்டிச் கிப்யெகோன். முதலாவது கிறித்தவப் பெயர். இடையிலுள்ளது அவருக்கே உரிய விடியல். ஈற்றுப்பெயரோ ஆண் முன்னொட்டுடையது. எனவே, அது வேறொருவர் பிறந்த பொழுது.