ரைஸ் குக்கர் குவளை பிறந்த கதை

புது ரைஸ் குக்கரைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் குவளை இருக்கும். பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கத்திலும் பல வீடுகளில் அதை மூலையில் போட்டுவிட்டுத் தேநீர்க் குவளையால் அரிசி அளக்கிறார்கள். சோறு குழைந்தால் பழி அரிசிமேல் விழுகிறது.

அந்தக் குவளை 180 மில்லி பிடிக்கும். ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் வரும் கப்போ 240, 250 மில்லி. பானையின் உள்பக்கக் கோடுகள் 180 மில்லிக் கணக்கில் போட்டவை. அதனால் குவளை மாறினால் தண்ணீர்க் கணக்கும் தவறிவிடும்.

இந்த 180 ஜப்பானியர்களின் 'கோ' என்னும் பழைய முகத்தல் அளவு. பத்து கோ சேர்ந்தால் ஒரு ஷோ. ஆயிரம் கோ ஒரு கோக்கு; ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி அது என்று வைத்திருந்தார்கள். பிரபுக்களின் செல்வத்தைக்கூடக் கோக்குக் கணக்கில்தான் சொன்னார்கள். வரியும் அரிசிதான். எனவே அளக்கும் மரப்பெட்டி யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் உழவனின் வயிறும் இருந்தது.

கியோத்தோவின் பழைய ஷோ பெட்டி 5 சுன் நீளம், 5 சுன் அகலம், இரண்டரை சுன் ஆழம். ஒரு சுன் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். 1669-இல் நாடு முழுதும் செல்லுபடியான பெட்டியோ 4.9, 4.9, 2.7. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், இரண்டுக்கும் பன்னிரண்டரைதான் வரும். ஆனால் பெருக்கினால் புதியதில் நூற்றுக்கு மூன்றரைக்கும் மேலாக அரிசி கூடுதலாகப் பிடிக்கிறது. வாயைக் கொஞ்சம் குறுக்கி ஆழத்தைக் கூட்டிய இந்த வேலையைப் படிக்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. அந்தப் பெட்டியின் பத்தில் ஒரு பங்குதான் இன்று நம் அடுப்படியில் இருக்கிறது.

1955-இல் தோஷிபா தானியங்கி மின்சாரக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் யோஷிததா மினாமி. சமைத்துச் சமைத்துப் பார்த்துச் சோதித்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையது. வெளிப்பானையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுமார் 20 நிமிடத்தில் வற்றியதும் சூடு 100 பாகையைத் தாண்டும், உடனே சுவிட்ச் தானாக விழும். தண்ணீரின் அளவே அங்கே கடிகாரம். 1959-இல் ஜப்பான் வணிகம் மெட்ரிக் முறைக்கு மாறியது. கோ கடையை விட்டுப் போனாலும் குக்கரை விட்டுப் போகவில்லை.

பினாங்கிலும் முன்பு அளவுகளுக்குப் பஞ்சமிருந்ததில்லை. நிறைக்குக் காத்தி, சுமார் 605 கிராம். முகத்தலுக்குச் சுப்பாக், நான்கு சுப்பாக் ஒரு கந்தாங். ஆங்கிலேயர் கந்தாங்கை ஒரு காலனாக, அதாவது நாலரை லிட்டராக, நிர்ணயித்தார்கள். நம்மவர்களுக்குப் படியும் ஆழாக்கும் உண்டு. ஊருக்கு ஊர் மாறினாலும் ஆழாக்கு சுமார் 168 மில்லி என்பது பொதுக் கணக்கு. கோவுக்கும் அதற்கும் பன்னிரண்டு மில்லிதான் வித்தியாசம்! சோறு உண்ணும் இரண்டு மக்கள், ஒருவரை ஒருவர் கேட்காமலே கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பசியின் அளவு எங்கும் ஒன்றாக இருந்ததுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

கடையில் அரிசி கிலோவில் வருகிறது, அடுப்பில் தண்ணீர் குவளையில் ஊற்றுகிறோம். இரண்டையும் இணைக்கும் கணக்கு எளிது. தலைதட்டிய ஒரு குக்கர் குவளையில் சுமார் 150 கிராம் பச்சரிசி பிடிக்கும். ஒரு கிலோ ஆறே முக்கால் குவளைக்குச் சற்றுக் குறைவு. பத்துக் கிலோ மூட்டை ஏறக்குறைய 67 குவளை. அரிசியின் வகையும் ஈரமும் இதைச் சற்று மாற்றும், குவித்து அளந்தால் இன்னும் மாறும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பந்தல் போட்டு அன்னதானம் செய்யும் இளைஞர்களே, முதல் நாளே உங்கள் அளவுக் குவளையைத் தலைதட்டி நிரப்பித் தராசில் வையுங்கள். வரும் கிராமை அதன் பக்கத்திலேயே அழியாத மையால் எழுதிவிடுங்கள்.