திருப்புளி கைமாறிய கதை

இரவில் வீட்டு வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர், காலையில் புது வசதியோடு நிற்கிறது. மெக்கானிக் வரவில்லை, போல்ட் எதுவும் கழற்றப்படவில்லை. வண்டிக்குள் இருக்கும் சிம் வழியாக மென்பொருள் மட்டும் மாறியிருக்கிறது. இதற்குத்தான் 'ஓ.டி.ஏ. அப்டேட்' என்று பெயர். தமிழில் சொன்னால், காற்றுவழி மென்பொருள் புதுப்பிப்பு. இது ஏதோ திடீரென்று முளைத்த அதிசயம் அல்ல. வண்டியைத் திருத்தும் உரிமை யார் கையில் இருந்தது, யார் கைக்குப் போனது என்ற நீண்ட வரலாற்றின் கடைசி அத்தியாயம் இது. அந்த வரலாற்றைத் தொடங்கச் சென்னையின் மேற்குப் புறநகரை விடப் பொருத்தமான இடம் இல்லை.

கேட்டைத் தாண்டினால் முடிந்தது

1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் பக்கத்துப் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா ஆகியவை வந்தன. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் உருவாகி, சிறு உதிரிபாகப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 1965-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது.

சைக்கிளோ டாங்கியோ, அன்றைக்கு விதி ஒன்றுதான். தொழிற்சாலை கேட்டைத் தாண்டிய வாகனம் முழுமையானது. அதன் பிறகு அதில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் மனிதக் கை பட்டே ஆகவேண்டும். டாங்கியாக இருந்தால் பணிமனைக்குத் திரும்ப வேண்டும். கார், பைக் என்றால் தெருமுனை மெக்கானிக். கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பி, இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே 'டியூனிங்' செய்தவர்கள் அவர்கள். 'பாயிண்ட்' இடைவெளியைச் சரிசெய்ய ஒரு திருப்புளியும் ஃபீலர் கேஜும் போதும். அந்த அறிவுக்குக் கம்பெனியின் அனுமதி தேவைப்படவில்லை.

முதல் பூட்டு

2000-களின் பிற்பகுதியில் டி.ஐ. குழுமமே பி.எஸ்.ஏ. பெயரில் மின்சார ஸ்கூட்டர்களை விற்றது. ஈய-அமில பேட்டரி, மோட்டார், எளிய கன்ட்ரோலர் ஆகியவைதான் அந்தத் தலைமுறை வண்டிகள். தொலைவிலிருந்து புதுப்பிக்க அவற்றில் எதுவும் இல்லை. பழுது என்றால் பாகத்தை மாற்ற வேண்டும், அவ்வளவே.

பெட்ரோல் வண்டிகளில் பெரிய மாற்றம் 2020 ஏப்ரல் 1-ல் வந்தது. பி.எஸ்.-6 புகை விதி அமலானதும் பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்தது. திருப்புளியின் இடத்தில் 'ஸ்கேனர்' கருவி உட்கார்ந்தது. அப்போதும் வண்டி பட்டறைக்கு வரவேண்டியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

காற்றில் வந்த திருப்புளி

அந்தக் கடைசித் தேவையையும் நீக்கிய முறை அமெரிக்காவில் அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்தது. 2012-ல் வெளிவந்த டெஸ்லா மாடல் எஸ், காருக்கான புதுப்பிப்பைத் தொலைவிலிருந்தே வழங்கியது. 2018-ல் நடந்தது இன்னும் வியப்பு. மாடல் 3 காரை 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் சோதித்தபோது, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்தது. இதழ் குறை சொன்ன சில நாட்களில் ஓர் அப்டேட் போனது. மறுசோதனையில் 133 அடியில் நின்றது! பிரேக் கட்டையை யாரும் தொடவே இல்லை.

தமிழ்நாட்டில் இதன் வேர் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. அங்கு படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் 2013-ல் ஏதர் நிறுவனத்தைத் தொடங்கினர். 2018-ல் பெங்களூருவிலும், 2019-ல் சென்னையிலும் ஏதர் 450 விற்பனைக்கு வந்தது. தொடுதிரையும் சிம்மும் கொண்ட அந்த ஸ்கூட்டர், வாங்கிய பின்னும் புதுப்பிப்புகளைப் பெற்றது. 2021-ல் அதன் ஓசூர் ஆலை இயங்கத் தொடங்கியது.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை அமைத்த ஓலா, நாணயத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. 2021 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமான எஸ்-1 ஸ்கூட்டர், டிசம்பரில் வாடிக்கையாளர் கைக்குப் போனபோது விளம்பரத்தில் சொன்ன பல வசதிகள் அதில் இல்லை. க்ரூஸ் கன்ட்ரோல் 2022 ஜூனில் 'மூவ் ஓ.எஸ். 2' மூலமாகவும், ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி உருளாமல் பிடிக்கும் வசதி அந்த ஆண்டின் இறுதியில் 'மூவ் ஓ.எஸ். 3' மூலமாகவும் வந்தன. குறையைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி, குறையோடு விற்கலாம் என்ற சலுகையாகவும் மாறக்கூடும் அல்லவா?

பாதுகாப்பும் சட்டமும்

நல்ல அப்டேட் முறையில் சில காவல்கள் உண்டு. வந்த கோப்பு உண்மையிலேயே தயாரிப்பாளருடையதா என்று டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்படும். வண்டி நின்றிருக்க வேண்டும், பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்க வேண்டும். புதியது தோற்றால் பழைய பதிப்புக்கே திரும்ப வேண்டும். காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2015-ல் இரண்டு ஆய்வாளர்கள் ஓடும் ஜீப் ஒன்றை இணையம் வழியே கட்டுப்படுத்திக் காட்டினர். அதன் பிறகு 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. திருத்தத்தை யு.எஸ்.பி. குச்சியில் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது.

2020 ஜூனில் ஐ.நா. அமைப்பு ஒன்று ஆர்-156 விதியை ஏற்றது. புதுப்பிப்பு பற்றி உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அது தோற்றால் வண்டி பாதுகாப்பான நிலையில் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் கார், பஸ், லாரிகளை மனதில் வைத்தே அது எழுதப்பட்டது. நம் தெருக்களை நிறைக்கும் மின் ஸ்கூட்டர் அதன் கண்ணில் படவில்லை.

மீதமிருக்கும் கேள்வி

2022-ல் அம்பத்தூரில் டி.ஐ. குழுமத்தின் 'மோன்ட்ரா' மின்சார ஆட்டோ உற்பத்தி தொடங்கியது. சைக்கிள் செய்த ஊர் மீண்டும் மின்வண்டி செய்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள பட்டறைக்காரர்களின் நிலை மாறிவிட்டது. மோட்டார், பேட்டரி ஆகியவற்றின் கணினிகளைப் படிக்கும் அனுமதி இல்லாத மெக்கானிக்கால் டயரும் பிரேக்கும்தான் மாற்ற முடியும்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. கையேடும் பழுதறியும் கருவியும் வெளியாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஓ.டி.ஏ. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உயிர்காக்கும் திருத்தம் ஒரே இரவில் லட்சம் வண்டிகளுக்குப் போவது பெரிய வரம். ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்கு, என்ன மாறியது என்று அறியவும், பிடித்த மெக்கானிக்கிடம் கொண்டுபோகவும் வழி வேண்டும். திருப்புளி கம்பெனியிடம் இருக்கட்டும். ஒன்று தெருமுனையிலும் இருக்க வேண்டும்.