சுவரொட்டியில் தமிழ் எழுத்து: சிங்கைச் சுயாதீனத் திரைப்படங்கள் குறித்து ஒரு நோக்கு

திரைப்படம் பார்ப்போர் பலர். திரைப்படச் சுவரொட்டியைப் பார்ப்போர் அவரினும் பலர். நுழைவுச்சீட்டுக்குக் கையில் காசில்லாதவனும் சுவரொட்டியின் முன் நின்று பார்க்கலாம். சிராங்கூன் சாலையின் ஐந்தடி நடைவழிகளிலும் தேக்காவைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களிலும் நடந்து திரிந்த முந்தைய தலைமுறைத் தமிழரின் கண்ணில் நாள்தோறும் பட்ட எழுத்துகளுள் திரைப்பட விளம்பர எழுத்தும் ஒன்று. எனவே, சுவரொட்டியையும் இதழ் அட்டையையும் வெறும் வணிகச் சரக்கு என ஒதுக்கிவிடாமல், மொழி வரலாற்றின் ஒரு கூறாக ஆய்ந்து நோக்குதல் தகும். நம் நாட்டுச் சுயாதீனத் திரைப்படம் தமிழ் பேசத் தொடங்கியபோது அதன் முகப்பில் தமிழ் எழுத்துக்கு எந்த இடம் கிடைத்தது என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

பழைய மரபு

1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப் பேசும்படக் காலம் தொடங்கியது. அதன்பின் படத்தோடு சேர்ந்தே பாட்டுப் புத்தகமும் விற்பனைக்கு வந்தது. மேலட்டையில் நாயகன் நாயகியர் உருவம், உள்ளே பாடல்கள், கதைச் சுருக்கம் என்பது அதன் அமைப்பு. கதையைப் பாதியில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிப்பது வழக்கம். சுவரொட்டியும் அவ்வாறே பாதி சொல்லிப் பாதி மறைக்கும் கலையாக வளர்ந்தது.

அக்கலைக்குச் சில விதிகள் இருந்தன. முதலாவது, நடிகரின் புகழுக்கேற்ப முகத்தின் அளவு அமைதல். நாயகன் முகம் பெரிது. நாயகி முகம் அதனினும் சற்றுச் சிறிது. வில்லனும் நகைச்சுவை நடிகரும் ஓரத்தில் இடம்பெறுவர். இரண்டாவது, வண்ணம். விளம்பரப் பதாகை எழுதிய ஓவியர்கள் புகைப்படத்தின் மேல் கட்டம் வரைந்து, அக்கட்டங்களைப் பெரிய துணியில் பெருக்கி, முகத்தில் இளஞ்சிவப்பையும் நீலத்தையும் துணிந்து தீட்டினர். தொலைவில் நிற்பவனுக்கு அவ்வண்ணங்கள் கலந்து உயிருள்ள தோலாகத் தோன்றின. மூன்றாவது, தலைப்பெழுத்து. புராணப் படத்துக்குக் கல்லில் செதுக்கியது போலவும், காதல் படத்துக்குக் கொடி படர்ந்தது போலவும், சண்டைப் படத்துக்கு நெருப்புப் பற்றியது போலவும் எழுத்தை வரைந்தனர். எழுத்தைப் படிக்கத் தெரியாதவனுக்கும் அதன் உருவம் கதையின் சுவையை உணர்த்தியது.

இதழ்களும் இம்மரபையே பின்பற்றின. 1942-இல் தோன்றிய 'பேசும் படம்', 1966-இல் தோன்றிய 'பொம்மை' ஆகியவற்றின் அட்டையில் நட்சத்திர முகமே ஆட்சி செய்தது. சிங்கப்பூரிலிருந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த 'இந்தியன் மூவி நியூஸ்' இதழும் இதற்கு விலக்கன்று. 1947 முதல் 1967 வரை ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் ஷா நிறுவனத்தார் மலாய்ப் படங்களை எடுத்தனர். பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், பணி மஜும்தார் முதலிய இந்திய இயக்குநர் பலர் அங்கே பணிபுரிந்தனர். ஆயின், சிங்கைத் தமிழர் பார்த்த தமிழ்ப் படமும் அதன் சுவரொட்டியும் தமிழகத்திலிருந்தே வந்தன. 'பிரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) ஆகிய படங்கள் நம் நகரில் படமாக்கப்பட்டபோதும், சிங்கப்பூர் அவற்றில் கண்கவர் அயல்நாடாகவே இடம்பெற்றது. இங்கே வாழும் தமிழரின் வீடாக இடம்பெறவில்லை.

விதியை மீறியவர்கள்

பெரிய முதலீடும் புகழ்பெற்ற நடிகரும் இன்றி, இயக்குநரின் தனி நோக்கில் உருவாவதே சுயாதீனத் திரைப்படம். இத்தகைய படத்துக்கு நட்சத்திர முகம் இல்லை. அங்ஙனமாயின் சுவரொட்டியில் எதை வரைவது? இவ்வினாவுக்கு இந்தியாவில் அழகிய விடை கண்டவர் சத்தியஜித் ராய். 1943-இல் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்த அவர், நூல்களுக்கு அட்டை வரைந்து தேர்ந்தவர். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்த கையே 1955-இல் அதைத் திரைப்படமாகவும் ஆக்கியது. தம் படங்களுக்குத் தாமே சுவரொட்டி வடிவமைத்தார். 'தேவி' (1960) படத்தின் சுவரொட்டியில் ஒரே முகம். அதன் ஒரு பாதி ஒளியில், மறுபாதி இருளில். பெண்ணைத் தெய்வமாக்கிய மூடநம்பிக்கையின் கொடுமை முழுவதும் அம்முகத்தில் அடங்கிவிட்டது.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ராய் நட்சத்திரக் கூட்டத்தைக் கைவிட்டாரேயன்றி, வங்க எழுத்தைக் கைவிடவில்லை. எழுத்தையே ஓவியமாக்கினார். உலகமெங்கும் சென்ற அவர் படங்கள் தம் ஊர் எழுத்தோடுதான் முதலில் தம் ஊரார் முன் நின்றன. தமிழிலும் 1965-இல் ஜெயகாந்தன் பாடல்களின்றி 'உன்னைப்போல் ஒருவன்' படத்தை இயக்கித் தேசிய விருது பெற்றார். அத்தகைய முயற்சிகளுக்குத் திரை இதழ்களின் அட்டையில் இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது.

சிங்கையின் நிலை

நம் நாட்டில் இத்தகைய படங்களுக்கு வழி திறந்தது 1987-இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா எனலாம். கே. ராஜகோபால் தம் குறும்படங்களுக்காக 1995, 1996, 1997 ஆகிய மூன்றாண்டுகளிலும் அவ்விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு பெற்றார். 2008-இல் எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வு பெற்றது. குடிக்கு அடிமையான மந்திரவித்தைக் கலைஞன் ஒருவனுக்கும் அவன் மகனுக்கும் இடையிலான உறவைக் கூறும் அப்படம் தமிழ் பேசியது. உலகின் தலைசிறந்த போட்டியில் முதன்முதலாகச் சிங்கப்பூரின் குரலாக ஒலித்தது நம் மொழி என்பது எண்ணுந்தோறும் மகிழத் தக்கது. 2016-இல் ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்டு' கானில் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. சிறையிலிருந்து மீண்ட தமிழன் ஒருவனின் கதை அது.

இவ்விரு படங்களின் பெயர்களையும் மீண்டும் படித்துப் பாருங்கள். பேச்சு தமிழ், தலைப்பு ஆங்கிலம். தலைப்பே ஆங்கிலமான பின், சுவரொட்டியின் நடுநாயகமாக நிற்பது ரோமன் எழுத்தே.

இதற்கு இயக்குநரைக் குறை கூறுதல் முறையாகாது. விழாப் படங்களின் சுவரொட்டிக்கெனத் தனி மரபு உலகெங்கும் உருவாகிவிட்டது. ஒரு மனித உருவம், சுற்றிலும் வெற்றிடம், அடங்கிய வண்ணம், சிறிய எழுத்து, மேலே விழாவின் பெயரைத் தாங்கிய இலைமாலைச் சின்னம். சற்றே சிந்தித்தால் அவ்விலைமாலை செய்யும் வேலை புலப்படும். பழைய சுவரொட்டியில் நட்சத்திர முகம் தந்த உறுதிமொழியை இதில் இலைமாலை தருகிறது. 'இன்னார் நடித்தது, நம்பி வருக' என்றது அது. 'இன்ன விழா ஏற்றது, நம்பி வருக' என்கிறது இது. நான்கு மொழிகள் வழங்கும் நாட்டில் அனைவருக்கும் பொதுவான பெயர் வேண்டும் என்பதும், அயல்நாட்டு விநியோகத்தார்க்குப் பெயர் விளங்க வேண்டும் என்பதும் மறுக்கவொண்ணாத நியாயங்களே.

எனினும் இழப்பு ஒன்று உண்டு. அச்சுவரொட்டி தொலைவில் இருக்கும் தேர்வுக் குழுவை நோக்கிப் பேசுகிறது. சிராங்கூன் சாலையில் நடக்கும் தமிழனை நோக்கிப் பேசுவதில்லை. 'இது உன் கதை' என்று அவனிடம் சொல்லும் எழுத்து அதில் முதலிடம் பெறவில்லை. நட்சத்திரப் படத்தின் ஆரவாரச் சுவரொட்டி அவன் மொழியில் அவனை அழைக்கிறது. அவனைப் பற்றிய படமோ வேற்றெழுத்தில் நிற்கிறது. இம்முரண்பாடு நம் சிந்தனைக்கு உரியது. ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் ஒத்த அளவில், ஓவிய நயத்தோடு எழுதுவதால் கலைக்கு யாதொரு குறையும் நேராது. ராயின் வழி அதற்குச் சான்று.

ஆசிரியரும் மாணவரும்

இத்துறையில் தமிழாசிரியர்க்கும் பணி உண்டு. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. அதற்கு முன் 'லை', 'னை' முதலிய எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டன. அவ்வடிவங்களைப் பாடநூலில் காணாத இன்றைய மாணவன் பழைய பாட்டுப் புத்தக அட்டையிலும் சுவரொட்டியிலும் காணலாம். ஒரு வகுப்புப் பாடத்துக்கு இதனினும் சுவையான சான்று ஏது?

சுவரொட்டி குறுகிய ஆயுள் உடையது. மழையில் நனையும், மறுவாரம் அதன் மேலேயே வேறொன்று ஒட்டப்படும். 2005-இல் நிறுவப்பட்ட ஆசியத் திரைப்படக் காப்பகம் படச்சுருள்களைக் காத்து வருகிறது. அதன் வசமுள்ள கேத்தே-கெரிஸ் மலாய்ப் படத் தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. மலாய்ப் படங்களுக்குக் கிடைத்த அப்பெருமை நமக்கும் ஒரு தூண்டுகோல் ஆகுக. பாட்டன் பாட்டியர் பெட்டியில் உறங்கும் பாட்டுப் புத்தகத்தையும் இதழ் அட்டையையும் மாணவர் தேடித் தொகுக்கலாம். நம் இளைஞர் எடுக்கும் குறும்படத்துக்குத் தமிழில் தலைப்பெழுத்து வரைந்து தரலாம்.

கான் நகரில் ஒலித்த தமிழ், தேக்காவின் சுவரிலும் எழுத்தாக நிற்க வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தூரிகை பிடிக்கும் ஒரு கையும், தன் எழுத்தின் அழகை அறிந்த ஒரு கண்ணும் போதும். அக்கண்ணைத் திறந்து வைப்பது வகுப்பறையின் கடன்.