காவல் யாருக்கு?

அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களை இணைக்கும் பனாமாக் கால்வாய் 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று திறக்கப்பட்டது. அந்நீர்வழியைக் காக்க நின்ற அந்நியப் படை, நாளடைவில் அண்டை நாடுகளின் ஆட்சிகளுக்கே காவலாயிற்று. அவ்வரலாற்றை நாம் அறிய வேண்டும்; ஏனெனில் அதன் பக்கங்களில் திருச்சபையின் இரத்தமும் கலந்துள்ளது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், கால்வாயைப் பகைவர் தாக்காவண்ணம் காக்க அமெரிக்க ஐக்கிய நாடு கரிபியன் பாதுகாப்புப் படைத்தலைமையை நிறுவியது. 1947இல் அது கரிபியன் படைத்தலைமை ஆனது. 1963இல் தென்மண்டலப் படைத்தலைமை என்னும் பெயர் பெற்றது. பனாமா நகரையொட்டிய குவாரி ஹைட்ஸ் என்னுமிடத்தில் நெடுங்காலம் இயங்கிய அதன் தலைமையகம், 1997இல் மயாமிக்கு மாறியது. கால்வாயும் 1999 டிசம்பர் 31 அன்று பனாமா மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

பெயரைவிட நோக்கமே பெரிதும் மாறிற்று. 1959இல் கியூபாவில் புரட்சி வென்றபின், கடல் கடந்து வரும் எதிரியைவிட உள்நாட்டில் எழும் கிளர்ச்சியே பேரச்சமாகக் கருதப்பட்டது. நட்பு அரசுகளின் படைகளுக்கு ஆயுதமும் ஆலோசகரும் அளிப்பது இத்தலைமையின் முதன்மைப் பணியாயிற்று. அந்நாடுகளின் படை அதிகாரிகளைப் பயிற்றிய 'அமெரிக்காக்களின் பள்ளி' 1984 வரை பனாமாவிலேயே நடந்தது. நிலமற்ற உழவருக்காகப் பேசிய குருவும் உபதேசியாரும்கூட அப்படைகளின் கண்களுக்குப் பகைவராகத் தோன்றினர்.

எல் சால்வதோர் நாட்டில் இதன் கொடுமையைக் காண்கிறோம். படைத்துறை உதவி தம் மக்கள்மீதான அடக்குமுறையையே கூர்மையாக்கும் என்று பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 1980 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கார்ட்டருக்கு எழுதினார். உதவி நிற்கவில்லை. மார்ச் 23 அன்று, இறைச்சட்டத்துக்கு முரணான கட்டளைக்கு எந்தப் படைவீரனும் பணியவேண்டியதில்லை என்று மறையுரையில் முழங்கினார். மறுநாள் மாலை திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989 நவம்பர் 16 அன்று ஆறு இயேசு சபைக் குருக்களையும், அவர்தம் இல்லத்தில் இருந்த பணிப்பெண்ணையும், அவர் மகளையும் கொன்றது அந்நாட்டின் அட்லாகாட்ல் படைப்பிரிவு. அப்பிரிவு அமெரிக்கரிடம் பயிற்சி பெற்றதாகும்.

அடுத்த மாதம், டிசம்பர் 20 அன்று, தென்மண்டலப் படைத்தலைமை பனாமாவுக்குள் நேரடியாகப் படை நடத்தியது. பிடிக்கப்பட வேண்டிய ஆட்சியாளர் நோரியேகா, ஒருகாலத்தில் அமெரிக்க உளவுத்துறையிடம் பணம் பெற்றவர். எல் சோரியோ என்னும் ஏழைக் குடியிருப்பு தீக்கிரையாகிப் பல்லாயிரவர் வீடிழந்தனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள் நோரியேகா திருத்தந்தையின் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். படையினர் அதைச் சூழ்ந்து, ஒலிபெருக்கிகளில் காதைப் பிளக்கும் இசையை முழக்கினர். திருத்தந்தையின் தூதர் லபோவா அவரைப் படையிடம் பிடித்துக் கொடுக்கவில்லை. அவரது குற்றங்களுக்குத் துணை நிற்கவுமில்லை. அவரோடு பேசி மனம் இசையச் செய்தார். 1990 ஜனவரி 3 அன்று நோரியேகா தாமே வெளியேறிச் சரணடைந்தார். படைபலம் வேலியருகே காத்திருக்க, உள்ளே சொற்கள் வேலை செய்தன.

அதே படைத்தலைமைக்கு வேறொரு முகமும் உண்டு. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டி நாட்டை நிலநடுக்கம் தகர்த்தது. போர்ட்டோ பிரின்ஸ் பேராயர் மியோவும் மாண்டார். அப்போது தென்மண்டலப் படைத்தலைமையின்கீழ் வந்த கப்பல்களும் வீரர்களும் உணவும் நீரும் மருத்துவமும் வழங்கினர். 'கம்ஃபர்ட்' என்னும் மருத்துவமனைக் கப்பலில் காயமுற்றோர் சிகிச்சை பெற்றனர். அம்மக்களுக்கு அது பேருதவி என்பதை மறுப்பது நேர்மையாகாது.

படைப்பணி புரிவோர் தம் மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் ஊழியராகத் தம்மைக் கருத வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. ஆகவே சீருடையை நாம் வெறுப்பதில்லை, வணங்குவதுமில்லை. இந்தக் காவல் யாருக்கு என்றே கேட்கிறோம். அக்கேள்வியை உரக்கக் கேட்ட ரொமேரோவை 2018 அக்டோபர் 14 அன்று திருச்சபை புனிதராக உயர்த்தியது. அவரிடம் மன்றாடும் நமக்கு, அவர் கேட்டதைக் கேட்கும் கடமையும் உண்டு.