லாரி கேபினுக்கு ஒரு பலகை

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

போன ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. என் பழைய மாணவன் ஒருவன். நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறான், வடக்கே லைன் போகிறவன். வயது நாற்பத்து மூன்று. மரியாதையாக எழுத வேண்டும்தான், ஆனால் எனக்கு அவன் இன்னும் மூன்றாவது பெஞ்சுப் பையன். நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசியிருக்கிறான்.

"சார், எட்டாயிரத்துக்கு ஒரு டேப் வருதுங்க. லைன்ல போறப்ப படிக்கிறதுக்கு ஆகுமுங்களா? நீங்க சொன்னா வாங்கிக்கறனுங்க."

படிப்பது சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. பத்தாவதோடு நின்றவன், இப்போது தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதப் போகிறான். லோடு ஏற்ற, இறக்க என்று மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் நேரத்தில் படிக்கலாம் என்று யோசனை. போன் எழுத்து கண்ணுக்குச் சிறிதாகிவிட்டது. புத்தகம் வைத்திருக்கிறான், ஆனால் இரவில் கேபின் லைட்டைப் போட்டால் மாற்று டிரைவருக்குத் தூக்கம் கெடுகிறது. பாடநூல்கள்தான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே, டேப்லெட்டில் ஏற்றிக்கொள்ளலாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க சொன்னா வாங்கிக்கறனுங்க." இந்த ஒரு வார்த்தைக்காக நான்கு நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். ஏனென்றால் 2012இல் இதே ஆள் இதே கேள்வியைக் கேட்டு, நான் ஒரு நிமிஷத்தில் பதில் சொன்னேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இந்த நான்கு நாளில் நான் செய்தது, ஓய்வு பெற்ற வாத்தியார் என்ன செய்வாரோ அதைத்தான். வழியில் இருப்பவன் கையில் மலிவான பலகை என்பது எப்போது ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போனேன். போனால் கிட்டத்தட்ட 1,900 ஆண்டு தூரம் போய்விட்டது.

இங்கிலாந்தின் வடக்கே வின்டோலாண்டா என்று ஒரு ரோமானியக் கோட்டை. பிற்காலத்தில் ஹேட்ரியன் சுவர் எழும்பிய இடத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. 1973இல் ராபின் பர்லி என்ற தொல்லியலாளர் அங்கே ஈரமண்ணைத் தோண்டும்போது மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததைப் பிரித்தால் உள்ளே மை எழுத்து. காற்றுப் பட்டதும் எழுத்து மங்கிவிட்டது. அகச்சிவப்புப் படம் எடுத்த பிறகுதான் திரும்பத் தெரிந்தது. காற்றுப் புகாத ஈரமண்தான் இத்தனை நூற்றாண்டு அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது.

ரோமானியர்களிடம் இரண்டு வகைப் பலகை இருந்தது. ஒன்று மெழுகுப் பலகை. மரத்தில் பள்ளம் செதுக்கி மெழுகு ஊற்றி, கூர்முனையால் கீறுவது. எழுத்தாணியின் மறுமுனை தட்டையாக இருக்கும், தேய்த்தால் அழிந்துவிடும், மறுபடி எழுதலாம். நம்முடைய சிலேட்டுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். இளைய பிளினி காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன இடத்திலும் வலைக்குப் பக்கத்தில் இந்தப் பலகையோடு உட்கார்ந்திருந்ததாக நண்பர் டாசிடஸுக்கு எழுதியிருக்கிறார்.

இன்னொன்றுதான் வின்டோலாண்டாவில் கிடைத்த மலிவு வகை. அந்தப் பக்கத்திலேயே வளரும் பிர்ச், ஆல்டர் மரங்களை ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்தது. அளவு ஏறக்குறைய ஓர் அஞ்சல் அட்டை. கரி மையால் எழுதி, நடுவில் மடித்து, வெளியே முகவரி எழுதி அனுப்பிவிடலாம். நம் ஊரில் ஓலையில் எழுத்தாணியால் கீறி, பிறகு கரி தடவி எழுத்தைத் தெரிய வைத்தோம். அவர்கள் நேராகக் கரியிலேயே எழுதினார்கள். இரண்டு ஊரிலும் பக்கத்தில் நிற்கும் மரம்தான் காகிதம். தொலைந்தால் அழ வேண்டாம், இன்னொன்று சீவிக்கொள்ளலாம்.

அந்தக் குவியலில் ஒரு கடிதம் இருக்கிறது. எழுதியவன் பெயர் ஆக்டேவியஸ், பெறுபவன் காண்டிடஸ். ஆக்டேவியஸ் வியாபாரியா, படையைச் சேர்ந்தவனா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அவன் பேச்சு அப்படியே நாமக்கல் புக்கிங் ஆபீஸ் பேச்சு. தானியம் வாங்கிவிட்டேன், கையில் காசில்லை, குறைந்தது 500 தெனாரியஸ் அனுப்பு, இல்லையென்றால் கொடுத்த அட்வான்ஸ் 300 தெனாரியஸும் போய்விடும், எனக்கும் மானக்கேடு என்கிறான். கேட்டரிக்கில் தோல் சரக்கு கிடக்கிறது, இதற்குள் போய் எடுத்து வந்திருப்பேன், ரோடு மோசமாக இருப்பதால் மாடுகளை வதைக்க மனமில்லை என்கிறான்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் வாசித்துக் காட்டினேன். "உங்க லாரிக்காரத் தம்பி பேசற மாதிரியே இருக்குதுங்க" என்றார் என் மனைவி.

ஆக்டேவியஸுக்கு ஏன் அந்த மலிவுப் பலகை போதுமானதாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அது எதையும் கேட்கவில்லை. எண்ணெய் கேட்கவில்லை, மெழுகு கேட்கவில்லை, திரும்பக் கொண்டுவா என்று சொல்லவில்லை. வழியில் இருப்பவனுக்கு ஒரு பொருள் என்ன தரும் என்பதைவிட, அது அவனிடம் என்ன கேட்கும் என்பதே முதல் கேள்வி. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பின்னால் வந்த பெட்டிகளைப் பார்த்தேன்.

நடுவில் நம் சிலேட்டை விட்டுவிடக் கூடாது. ஆந்திராவின் மார்க்காபுரம் கல் சிலேட்டுக்குப் பேர் போனது. உங்களில் பாதிப் பேர் சிலேட்டில் எழுதியதைவிடக் குச்சியைத் தின்றதுதான் அதிகம், எனக்குத் தெரியும். மலிவு, நீடித்து உழைக்கும். ஆனால் ஒரு பஸ் பயணத்துக்குத் தாங்காது. கீழே விழுந்தால் இரண்டு.

1981 ஏப்ரலில் ஆஸ்பார்ன் 1 வந்தது. தூக்கிக்கொண்டு போகும் கணினி என்று விற்றார்கள். எடை சுமார் 11 கிலோ, விலை 1,795 டாலர், திரை ஐந்து அங்குலம். பேட்டரி கிடையாது. தூக்கலாம், ஆனால் சுவரில் பிளக் இருக்கிற இடத்துக்குத்தான் தூக்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து, 1983இல், டாண்டி கம்பெனியின் மாடல் 100. செய்தது ஜப்பானின் கியோசெரா. அதைப் பற்றிப் படிக்கும்போது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். திரையில் எட்டே வரி, வரிக்கு நாற்பது எழுத்து. அந்தக் காலத்துக்கே அது பெரிய சக்தியுள்ள பொறி இல்லை. ஆனால் நான்கு சாதாரண டார்ச் லைட் பேட்டரியில், அதுவும் சின்ன அளவுப் பேட்டரியில், சுமார் இருபது மணி நேரம் ஓடியது. பொத்தானைத் தட்டினால் உடனே எழுதலாம், காத்திருக்க வேண்டாம். உள்ளேயே மோடம். பத்திரிகை நிருபர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார்கள். எழுதி முடித்து, கிடைத்த தொலைபேசி வழியாக ஆபீசுக்கு அனுப்பினார்கள். பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். அதன் மென்பொருளில் பில் கேட்ஸ் தம் கையாலேயே எழுதிய பகுதியும் உண்டு. விலை மட்டும் மலிவில்லை, 8 கே நினைவகத்தோடு 1,099 டாலர். ஆனால் வழியை அறிந்தவர்கள் செய்த பொருள்.

டேப்லெட் என்ற வடிவத்தைக் கனவு கண்டவர் ஆலன் கே. 1972இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு, குழந்தைகளுக்கு நோட்டுப்புத்தக அளவில் ஒரு கணினி, விலை 500 டாலர் என்று கட்டுரை எழுதினார். பெயர் டைனாபுக். அன்றைக்கு அதைச் செய்ய முடியவில்லை. 2010 ஜனவரி 27 அன்று ஐபேட் அறிவிக்கப்பட்டபோது ஆரம்ப விலை 499 டாலர். கனவு கண்ட விலைக்கு ஒரு டாலர் குறைவு!

நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்துப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது சிம்ப்யூட்டர். கைக்கு அடக்கமான கருவி, இந்திய மொழிகளில் எழுத்தை வாசித்துக் காட்டும். எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஸ்மார்ட் கார்டு செருக இடம் வைத்திருந்தார்கள். ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு கார்டு. தன் கார்டைச் செருகினால் தன் விவரம் வரும், எடுத்துவிட்டால் அடுத்தவர் பயன்படுத்தலாம். ஏழை நாட்டை அறிந்தவர்களின் யோசனை. 2004இல் விற்பனைக்கு வந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் நெக்ரோபாண்டே குழுவினர் குழந்தைகளுக்கு 100 டாலர் லேப்டாப் என்றார்கள். 2007இல் உற்பத்திக்கு வந்தபோது ஏறத்தாழ 200 டாலரைத் தொட்டது. ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அதன் திரை வெட்டவெயிலிலும் படிக்கும்படி இருந்தது. பிள்ளைகள் மரத்தடியில் படிப்பார்கள் என்று நினைத்துச் செய்த திரை.

அடுத்தது ஆகாஷ். 2011 அக்டோபர் 5, டெல்லியில் கபில் சிபல் வெளியிட்டார். ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்ததும் அதே தேதிதான். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று எல்லாப் பேப்பரிலும் படம். சுமார் 2,250 ரூபாய். நான் அப்போது பணியில் இருந்தேன். பள்ளி அறிவிப்புப் பலகையில் அந்தச் செய்தியை வெட்டி ஒட்டியவன் நான்தான். 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், ஏழு அங்குலத் திரை, 2,100 எம்ஏஎச் பேட்டரி. இந்த எண்களுக்கெல்லாம் அன்று எனக்கு அர்த்தம் தெரியாது. திரை அழுத்தினால்தான் வேலை செய்யும் வகை, விரல் பட்டால் போதாது. பேட்டரி இரண்டு மூன்று மணி நேரம். சிம் போட இடமில்லை, வைஃபை இருந்தால்தான் இணையம். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பள்ளியில் வைஃபை எங்கே இருந்தது? 2012 நவம்பரில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட இரண்டாவது ஆகாஷில் திரை, செயலி, பேட்டரி மூன்றையும் நல்லதாக்கினார்கள். முதலாவதில் குறை இருந்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த உற்சாகத்தில்தான் 2012இல் அவன் கேட்டதும், "வாங்குப்பா, காலம் மாறிப்போச்சு" என்றேன். அவன் வாங்கியது ஆகாஷ் இல்லை. வேறு ஏதோ ஒரு பெட்டி, எங்கே வாங்கினான், என்ன பெயர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். 4,500 ரூபாய். குழந்தை படம் பார்க்கும், எனக்கு வழி பார்க்க ஆகும் என்று வாங்கியிருக்கிறான். திரையை நகத்தால் குத்தினால்தான் அசையும். வெயிலில் ஒன்றும் தெரியாது. கடைசியில் கேபினில் சார்ஜ் போட்டபோது கருகிவிட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவன் அம்மா பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. "ரெண்டு நடை பேட்டா காசுங்க சார். அது போகட்டுமுங்க, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க." அந்தச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ஏன் கருகியது என்று இந்த வாரம்தான் விசாரித்தேன். காரில் இருப்பது 12 வோல்ட். கனரக லாரியில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட். காருக்கான மலிவு சார்ஜரை லாரியில் செருகினால் தாங்காது. ஒரு மெக்கானிக் இதைப் பத்து வினாடியில் சொல்லிவிட்டார். 2012இல் நான் அவரைக் கேட்டிருக்கலாம். பேப்பரைக் கேட்டேன்.

வியாழக்கிழமை காலை அவனுக்குப் போன் செய்தேன். வாங்கலாம் என்றுதான் சொன்னேன், ஆனால் இந்த முறை காரணத்தோடு. இன்றைய எட்டாயிரம் ரூபாய்ப் பெட்டி 2012 பெட்டி இல்லை. விரல் பட்டாலே திரை கேட்கும், பாடநூல் திறக்க இந்தச் சக்தி தாராளம். நினைவகம் 4 ஜிபிக்குக் குறைந்தால் வேண்டாம். சிம் போடும் மாடலுக்குக் கூடுதல் பணம் தேவையில்லை, போனிலிருந்தே இணையம் எடுத்துக்கொள்ளலாம். பாடநூல்களை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே மெமரி கார்டில் ஏற்றிவிட வேண்டும், விந்திய மலையில் சிக்னலைத் தேடக் கூடாது. வழி பார்க்க இதை நம்ப வேண்டாம், வைஃபை மட்டும் உள்ள பல மாடல்களில் ஜிபிஎஸ் இருக்காது. டாஷ்போர்டில் வெயிலில் வைத்தால் பேட்டரி கெடும், படுக்கைக்கு அடியில் துணியில் சுற்றி வை. வண்டி குதிக்கும்போது சார்ஜ் ஒயர் செருகியே இருந்தால் முனை லூசாகிவிடும், நின்ற பிறகு போடு. சர்வீஸ் சென்டர் நாமக்கல்லிலோ சேலத்திலோ இல்லாத பெயர் என்றால் எவ்வளவு மலிவானாலும் தொடாதே.

எல்லாம் கேட்டுவிட்டு, "சார், எழுதி அனுப்பிடுங்க, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சுக்கறேன்" என்றான். சிரிக்கிறான்.

வெயிலில் திரை தெரியுமா என்பதை மட்டும் போனில் சொல்ல முடியாது. ஆகவே வரும் செவ்வாய்க்கிழமை அவன் வண்டி ஷெட்டுக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து கடைக்குப் போகிறோம். மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பெட்டியைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து, நடுவெயிலில் பொருளியல் முதல் பாடத்தைத் திறந்து, அவன் எனக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். முடிந்தால் பணம் கட்டுவோம், இல்லையென்றால் அடுத்த மாடல்.

24 வோல்ட் தாங்கும் சார்ஜரை நேற்றே வாங்கி வைத்துவிட்டேன். அதற்கு அவனிடம் காசு வாங்கப் போவதில்லை.