இடப்பக்கக் கண்ணாடி பிறந்த கதை

புதுச்சேரியில் இன்னும் ஓடும் பழைய அம்பாசிடரையோ பியட்டையோ இடப்பக்கமாக நின்று பாருங்கள். பெரும்பாலும் கதவு மொட்டையாக இருக்கும். வலக்கதவில் ஒரு கண்ணாடி உண்டு. அதுகூடச் சில வண்டிகளில் முதல் சொந்தக்காரர் கடையில் வாங்கி மாட்டியது. உள்ளே, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒன்று தொங்கும். இடப்பக்கத்துக்கு ஒன்றுமில்லை. கம்பெனிக்காரர்கள் காசை மிச்சம் பிடித்தார்கள் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. அங்கே கண்ணாடி வேண்டும் என்று நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தார். அந்த ஆள் மெல்ல மெல்ல இல்லாமல் போனதுதான் இந்தக் கண்ணாடி பிறந்த கதை.

இந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். பாரதியார் 1908-இல் புதுச்சேரிக்கு வந்து தங்கிய காலத்தில் இங்கே ஓடியது புஷ் வண்டி. ரிக்‌ஷாவை ஆள் முன்னால் நின்று இழுப்பார். புஷ் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவார். முன்சக்கரத்தைத் திருப்பும் தண்டு, உட்கார்ந்து வருபவர் கையில் இருக்கும். அதாவது சவாரி செய்கிறவரே திசையைப் பார்த்துக்கொள்வார். பின்னால் குதிரை வண்டி வந்தாலும் மாட்டு வண்டி வந்தாலும் அது முதலில் எட்டுவது தள்ளுகிறவரின் காதுக்குத்தான். முன்னால் ஒரு ஜோடிக் கண், பின்னால் ஒரு ஜோடிக் காது என்று வேலை பிரிந்திருந்தது.

மோட்டார் வண்டி வந்த புதிதிலும் இந்தப் பிரிவினை தொடர்ந்தது. பந்தயக் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து வருவார். எண்ணெய் அழுத்தத்தைக் கவனிப்பது, டயரைப் பார்ப்பது, பின்னால் யார் நெருங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வது எல்லாம் அவர் வேலை. 1911 மே 30 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் முதல் ஐந்நூறு மைல் பந்தயம் நடந்தது. மார்மன் கம்பெனியின் பொறியாளர் ரே ஹாரூன், தன் மஞ்சள் நிற ‘வாஸ்ப்’ காரில் ஒற்றை இருக்கையோடு வந்து நின்றார். மற்ற ஓட்டுநர்கள் ஆட்சேபித்தார்கள். பின்னால் பார்க்க ஆளில்லாத வண்டி எல்லோருக்கும் ஆபத்து என்றார்கள். அது நியாயமான ஆட்சேபணை. ஹாரூன் என்ன செய்தார்? மூன்று அங்குலத்துக்கு எட்டு அங்குலம் அளவில் ஒரு கண்ணாடியை நான்கு கம்பிகளில் நிறுத்தித் தன் முகத்துக்கு முன்னால் பொருத்தினார். 1904-இல் சிகாகோவில் ஒரு குதிரை வண்டியில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார்; அந்த நினைப்பு கைகொடுத்தது. மணிக்குச் சராசரியாக 74.6 மைல் வேகத்தில் ஓட்டி அவர் அந்தப் பந்தயத்தை வென்றார். செங்கல் பாவிய அந்தத் தடத்தில் கண்ணாடி ஒரேயடியாக அதிர்ந்ததால் அதில் எதுவும் தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் பிடித்தது அவர் வெற்றி இல்லை. ஒரு மனிதனை இறக்கிவிட்டு அவன் இடத்தில் கண்ணாடியை வைத்தால், அந்தக் கண்ணாடி அவன் செய்த வேலையைச் செய்ய வேண்டும் என்று மற்ற ஓட்டுநர்கள் விடாமல் கேட்டார்களே, அதுதான். இன்றைக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அது.

பின்புறம் பார்க்கும் கண்ணாடியை முதலில் கண்டுபிடித்தவர் ஹாரூன் என்று சொல்வது வழக்கம். அவருக்கு இரண்டு வருடம் முன்பே இங்கிலாந்தின் டோரதி லெவிட் அதைப் பற்றி எழுதிவிட்டார். வேகச் சாதனைகள் படைத்த பெண் ஓட்டுநர் அவர். பெண்கள் கார் ஓட்டுவதைப் பற்றி 1909-இல் வெளியிட்ட புத்தகத்தில், கைக்கண்ணாடி ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், நெரிசலில் அவ்வப்போது உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருவதைப் பாருங்கள் என்று யோசனை சொன்னார். அவர் தன் வண்டியைத் தானே ஓட்டிய பெண். பக்கத்தில் ஆள் இல்லாதவருக்குத்தான் கண்ணாடியின் தேவை முதலில் உறைத்திருக்கிறது. 1921-இல் அமெரிக்கர் எல்மர் பெர்கர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பின்னால் துரத்தி வரும் போலீஸ்காரரை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும் சாதனம் என்று விளம்பரம் செய்து விற்றார்.

இதெல்லாம் நடுவில் தொங்கும் கண்ணாடியின் கதை. பக்கக் கண்ணாடி, அதிலும் ஓட்டுநருக்கு எட்டாத பக்கத்துக் கண்ணாடி, இன்னும் வெகுகாலம் காத்திருந்தது. ஓட்டுநர் எந்தப் பக்கம் உட்காருகிறாரோ அந்தப் பக்கத்துக்கு அவர் தலையே போதும் என்று நினைத்தார்கள். அதனால் எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பதே பெரிய விவாதமாக இருந்தது. 1908-இல் வந்த போர்டு மாடல் டி-யில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வைத்தார்கள். வலப்பக்கம் செல்லும் அமெரிக்கச் சாலையில் எதிரே வரும் வண்டியை ஓட்டுநர் நன்றாகப் பார்க்கலாம், கூட வருபவர் நடைபாதைப் பக்கம் இறங்கலாம் என்பது கணக்கு. பிரான்சின் புகாட்டி, டெலாஜ் போன்ற உயர்ந்த ரகக் கார்களோ வலப்பக்கம் செல்லும் நாட்டிலேயே வெகுகாலம் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வைத்திருந்தன. சாலையோரத்துப் பள்ளமும் கல்லும் ஓட்டுநர் கண்ணில் படும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மறுபக்கம் குருடுதான். அந்தக் குருட்டுப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லப் பக்கத்தில் இருப்பவரை நம்பினார்கள்.

நம் ஊரில் அந்த நம்பிக்கை இன்னும் நன்றாக வேலை செய்தது. லாரியில் கிளீனர் இடப்பக்கக் கதவில் தலையை நீட்டி, வண்டியின் உடம்பைத் தட்டித் தட்டிப் “போ, போ, வா, வா” என்று வழிகாட்டுவார். பேருந்தில் கண்டக்டரின் விசில். அம்பாசிடரில் குடும்பம் போனால் முன்னிருக்கையில் மாமாவோ பெரியப்பாவோ. திருப்பத்தில் ஓட்டுநர் கேட்பதற்கு முன்பே “இந்தப் பக்கம் யாரும் இல்லப்பா, எடு” என்பார். 1957-இல் அம்பாசிடர் உத்தரபாராவில் தயாரான நாளிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் இந்தியாவில் கார் என்பது ஆள் நிறைந்த வண்டி. இடப்பக்கம் எப்போதும் ஒரு ஜோடிக் கண் இருந்தது.

பிறகு கார் வைத்திருப்பவரே ஓட்டத் தொடங்கினார், தனியாக ஓட்டத் தொடங்கினார். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த மாற்றத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. ஆனால் இருக்கை காலியான பிறகும் அதற்கு ஈடான கண்ணாடி உடனே வந்துவிடவில்லை. விலை குறைந்த மாடல்களில் வலப்பக்கக் கண்ணாடி மட்டும் கொடுத்து விற்கும் பழக்கம் நீடித்தது. 2009-இல் வந்த டாடா நானோவில்கூட ஓட்டுநர் பக்கம் ஒன்றுதான். இதை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். சாலையில் இடப்பக்கம் வருபவர்கள் யார்? சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் அம்மா, காய்கறி வண்டி தள்ளுகிறவர். காரில் மிச்சம் பிடித்த அந்தச் சின்னச் செலவின் பாரத்தைச் சுமந்தவர்கள் அவர்கள்.

புதுச்சேரியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நேரு வீதியிலோ மகாத்மா காந்தி வீதியிலோ இந்திரா காந்தி சிலைச் சந்திப்பிலோ கார் ஒரு கணம் தயங்கினால் போதும், இரண்டு பக்கமும் இருசக்கர வண்டிகள் வந்து நிறைந்துவிடும். சட்டம் வலப்பக்கம் முந்தச் சொல்கிறது. நடைமுறையில் இடப்பக்க இடுக்குதான் ராஜபாட்டை. ஒன்றையொன்று நேராக வெட்டிக்கொள்ளும் வீதிகள் கொண்ட ஊர் இது. சில நிமிடத்துக்கு ஒருமுறை இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த மொட்டைக் கதவு கேள்வி கேட்கும்.

பிரான்சிலிருந்து இடப்பக்க ஸ்டியரிங்கோடு வந்த சித்ரோயன் போன்ற கார் என்றால் கணக்கே தலைகீழ். நம் சாலையில் அதன் ஓட்டுநர் நடைபாதையோரம் உட்கார்ந்திருப்பார். ஸ்கூட்டர் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே வரும், தெரிந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால்தான் சிக்கல். எதிரே வருவதைப் பார்க்கவும் முடியாது, பின்னாலிருந்து ஏற்கெனவே முந்தத் தொடங்கிவிட்டவரைப் பார்க்கவும் முடியாது. பின்னால் வருபவருக்காவது வலக்கதவில் ஒரு கண்ணாடி வேண்டும். அந்தக் காருக்கு அதுதான் பயணி பக்கக் கண்ணாடி. அது இல்லாமல் அதை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகக் கூடாது.

சரி, மாட்டுவது என்று முடிவெடுத்தால் எந்தக் கண்ணாடி? வலப்பக்கம் இருப்பதைப் போலவே தட்டையாக ஒன்றை வாங்கி மாட்டுவதுதான் பலரும் செய்வது. பார்வைக்கு ஜோடி சேரும், பயனுக்குச் சேராது. வலப்பக்கக் கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 60 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 12 செ.மீ. அகலமுள்ள தட்டைக் கண்ணாடி அங்கே சுமார் 11 பாகை அகலத்துக்குக் காட்டும். அதே கண்ணாடி இடக்கதவுக்குப் போனால் தூரம் 130 செ.மீ. ஆகிவிடும், காட்டுவது சுமார் 5 பாகை. சாலையின் ஒரு கீற்றுதான் தெரியும். அதனால்தான் குவி கண்ணாடி. 1200 மில்லிமீட்டர் வளைவு ஆரம் கொண்ட குவி கண்ணாடியை அதே இடத்தில் வைத்தால் கணக்குப்படி 17 பாகைக்குப் பக்கம் கிடைக்கும். கதவுக் கண்ணாடிகளுக்கான ஐரோப்பிய விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆரமும் அதுவே. இதற்கு ஒரு விலை உண்டு. மூன்று மடங்கு அகலம் தெரியும்போது ஒவ்வொரு உருவமும் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும். பக்கத்தில் இருக்கும் ஸ்கூட்டர் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். புதுக் கார்களின் கண்ணாடியில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை இதற்காகத்தான். பழைய காரில் புதிதாக மாட்டுகிறவர் முதல் சில நாட்கள் நடுக்கண்ணாடியோடு ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

எங்கே மாட்டுவது என்பது காருக்குக் கார் வேறுபடும். முன் மட்கார்டில் மாட்டினால் கண் அதிகம் திரும்ப வேண்டியதில்லை; ஜப்பானில் 1983 வரை உள்நாட்டுக் கார்களுக்கு அப்படித்தான் விதி. ஆனால் 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பானட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டு, மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். மட்கார்டில் கண்ணாடி வைத்தால் ஒவ்வொரு முறை பானட்டைத் தூக்கி இறக்கிய பிறகும் அதைச் சரிபார்க்க வேண்டும். பியட் 1100-இன் ஆரம்ப மாடல்களில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். கதவின் முன்விளிம்பில் மாட்டினால் அறைந்து சாத்தும் அடி முழுவதும் கண்ணாடிக்குத்தான். அம்பாசிடருக்கும் பியட்டின் வழிவந்த பத்மினிக்கும் கதவில், முன்மூலையின் சின்ன முக்கோணக் கண்ணாடியான குவார்ட்டர் கிளாஸுக்குச் சற்றுக் கீழே மாட்டுவது என் கணிப்பில் சிறந்தது.

டிரில்லை எடுக்கும் முன் நீங்கள் ஓட்டும் நிலையில் உட்காருங்கள். வெளியே ஒருவர் கண்ணாடியைக் கையில் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தட்டும். குவார்ட்டர் கிளாஸின் சட்டம் மறைக்காத இடம் கிடைத்ததும் பென்சிலால் குறியுங்கள். அந்த இடத்தில் துளை போட்டால் கதவுக்குள் இறங்கும் கண்ணாடியில் போல்ட் இடிக்குமா என்று உள்பக்கத் தட்டியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். சென்டர் பஞ்சால் புள்ளி வைத்து, சின்ன டிரில் பிட்டில் தொடங்கிப் பெரிதாக்க வேண்டும். தகடு மெல்லியது, உள்ளே ஒரு பட்டைத் தகடு கொடுத்து முறுக்கினால்தான் ஓட்டத்தில் அதிராது. அதிர்ந்தால் ஹாரூனுக்கு நேர்ந்ததுதான் நமக்கும். துளையின் விளிம்பில் ரெட் ஆக்சைடு பூசாமல் போல்ட் போடாதீர்கள். இது கடற்கரை ஊர். பச்சைத் தகட்டை உப்புக் காற்று ஒரு மழைக்காலத்துக்குள் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு போல்ட், அடியில் ரப்பர் வாஷர்.

கதவில் துளை போட மனம் வராதவர்களுக்குக் கிளாம்ப் வகை உண்டு. கம்பெனிப் பெயின்ட் மாறாமல் காப்பாற்றிய கார் என்றால் நானும் அதையே சொல்வேன். தினமும் ஓடும் வண்டிக்கு அது ஒத்துவராது. கிளாம்புக்கு அடியில் தண்ணீர் தங்கும், பெயின்ட் உரசும், வண்டி குலுங்கக் குலுங்க நழுவும். அசல் வடிவம் கெட்டுவிடும் என்று கவலைப்படுபவர்கள், அந்த வண்டி பிறந்தபோது இடப்பக்க இருக்கையில் ஆள் இருந்ததையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பழைய குரோம் கண்ணாடிக்குச் சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ தேடலாம். ஜோடிக்கு ஜோடி உருவம் பொருந்தும் கூடு கிடைத்தால், கண்ணாடித் துண்டை மட்டும் குவி வகையாக வெட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

மாட்டிய பிறகு வைக்கும் கோணத்தில்தான் பாதிப் பயன். நம்மில் பலர் கண்ணாடியின் பாதியில் சொந்தக் காரின் பக்கவாட்டே தெரியும்படி வைக்கிறோம். 1995-இல் ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் அங்குள்ள மோட்டார் பொறியாளர் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையில், பக்கக் கண்ணாடியை நன்றாக வெளிப்பக்கம் திருப்பி, சொந்தக் காரின் பக்கவாட்டுத் தெரியாமல் வைத்தால் மறைவுப் பகுதி பெருமளவு குறையும் என்று காட்டினார். நடுக்கண்ணாடியிலிருந்து மறையும் வண்டி உடனே பக்கக் கண்ணாடியில் தோன்ற வேண்டும், அங்கிருந்து மறைவதற்குள் ஓரக்கண்ணில் தெரிய வேண்டும். நெரிசல் வீதியில் இடிக்குமே என்று பயந்து கண்ணாடியை மடக்கி வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நிறுத்தி வைக்கும்போது மடக்கலாம். வண்டி நகரும்போது விரித்திருக்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டியபின் நட்டை இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள். புது ரப்பர் வாஷர் அதற்குள் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.