கொக்கிப்புழு கற்பிக்கும் பாடம்

பதுளைத் தோட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் எனக்குக் கொக்கிப்புழுவின் நினைவு வரும். வேடிக்கையன்று, மருத்துவ மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் நம் மண்ணில் இல்லை.

'சான்றுவழி மருத்துவம்' என்ற பெயரை 1990களின் தொடக்கத்தில் கனடாவின் கோர்டன் கயாட் வழங்கினார். கேள்வி அதைவிடப் பழையது.

1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். ஊவாவின் பசறை, அப்புத்தளைப் பக்கமும் அதே லயங்கள்தாம், அதே வெறுங்கால்கள்தாம். (பாதத்தின் தோலைத் துளைத்தே இப்புழு உடலுள் புகுகிறது, இரத்தசோகையைத் தருகிறது.) மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. மறுவாரம் எண்ணினால் வெற்றி. ஓராண்டு கழித்து எண்ணினால்? மலசலகூடமில்லாத லயங்களில் தொற்று திரும்பியது. கூடம் கட்டும் செலவோ துரைமாருக்குக் கசந்தது.

எதை அளந்தார்கள், எப்போது அளந்தார்கள், யாருடைய நலனுக்காக? ஆய்வறிக்கையைக் கையிலெடுக்கும் மாணவர் முதலில் கேட்கவேண்டியவை இவை.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு அமைந்தது. நோய்த்தடுப்பு முன்னுக்கு வந்தது. தோட்டத்து மருத்துவமோ 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை பெரும்பாலும் துரைமார் பொறுப்பிலேயே இருந்தது.